யார் நம்மைக் கைது செய்யலாம்?



எங்கள் மாடி வீட்டு அக்காவுக்குப் போன மாதம் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன், "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், கேமராவை விட்டு நகரக் கூடாது" என்றானாம். அடுத்து வந்தவன் சி.பி.ஐ.யாம், அதற்கும் அடுத்தவன் அமலாக்கத் துறையாம். அண்ணன் வேலை பார்த்த கார் கம்பெனி 2022-ல் மூடியபோது கொடுத்த பணம் பாங்கில் கிடக்கிறது. குறி அதற்குத்தான். நான் இட்லி மாவு கேட்டு மாடி ஏறியிருக்காவிட்டால் அத்தனையும் போயிருக்கும். போனைப் பிடுங்கி அணைத்தேன். அப்புறமும் அக்காவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. "நிஜமாவே வந்து பிடிச்சுட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டதையே கேட்டார்.

அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2020-ல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கடை சம்பந்தமாகப் பிடிக்கப்பட்டு, சில நாளில் இறந்தே போனார்கள். 2023 ஜூனில் அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியையே நள்ளிரவு தாண்டி அமலாக்கத் துறை கைது செய்ததை டி.வி.யில் பார்த்தோம். அமைச்சருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? மோசடிக்காரன் போடும் முதலே நம்முடைய இந்தப் பயம்தான்.

சட்டம் படிக்கிற என் தம்பியிடம் விவரம் கேட்டேன். அமலாக்கத் துறை அதிகாரிகள் போலீஸ் இல்லையாம். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே அப்படிச் சொன்னது. ஆனாலும் சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. சுங்கத் துறைக்கும், போதைப் பொருள் தடுப்புத் துறைக்கும் அவரவர் சட்டப்படி உண்டு. நம்ம ஸ்டேஷனில் நிற்கிற ரயில்வே பாதுகாப்புப் படையினர் நகை பறித்தவனைப் பிடித்தாலும், வழக்குக்கு ரயில்வே போலீசிடம்தான் ஒப்படைக்கணும்.

ஆனால் எவராக இருந்தாலும் நேரில் வரணும், காரணம் சொல்லணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும். போனில் கைது என்பது எந்தச் சட்டத்திலும் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் ரேடியோவில் இதைச் சொன்னார்.

பெண்களான நமக்கு இன்னும் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின், விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி, மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்கணும். சாட்சி விசாரணை என்றாலும் நம்மை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வரணும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இத்தனை நாள் தெரியாது.

ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களுக்கும் ஒன்று. வாசல் செக்யூரிட்டி நம்மைப் போல சாதாரண ஆள்தான். கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் பிடிக்கலாம், 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கணும். வெறும் சந்தேகத்துக்கு ரூமில் அடைத்து வைக்க அவருக்கு உரிமை இல்லை.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எங்கள் அக்கா அந்த நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். தெரியாத நம்பர் வந்தால் மட்டும் இன்னமும் மாடியிலிருந்து என்னைத்தான் கூப்பிடுகிறார்.

- ஒரு வாசகி, மறைமலை நகர்