மதிலை விட்டு இறங்காத ஸ்னைப்பர்

கொடியைக் கவரும் ஆட்டத்தில் கொடியைப் பற்றிச் சிந்தியாதவன், குறி தவறாமற் சுடுவதில் எத்துணைச் சாமர்த்தியசாலியாக இருந்தாலும், தன் அணிக்குப் பிரயோஜனப்படுகிறவன் ஆகான் என்பது என் திடமான அபிப்பிராயம். கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டைகளில், தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடும் ஸ்னைப்பர் என்னும் பாத்திரத்தை விரும்பி ஏற்கும் இளைஞர்கள் நம்மிடையே அநேகர் இருப்பதால், இதைப் பொதுப் பத்திரிகையிலேயே எழுதுவது தகும் என்று கருதுகிறேன்.

இவ்வகை ஆட்டங்களுள் பிரசித்தமான ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’, வால்வ் நிறுவனத்தாரால் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிடப்பட்டது. ராபின் வாக்கர், ஜான் குக் முதலிய ஆஸ்திரேலியர்கள் 1996-இல் ‘குவேக்’ என்ற ஆட்டத்தை ஆதாரமாகக் கொண்டு இயற்றிய ‘டீம் ஃபோர்ட்ரெஸ்’தான் அதற்கு மூலம். அம்மூல ஆட்டத்திலேயே இருந்து, இன்றளவும் ஆடப்பட்டு வரும் போர்க்களம் ‘டூஃபோர்ட்’. சிவப்பு அணிக்கு ஒன்றும் நீல அணிக்கு ஒன்றுமாக இரண்டு கோட்டைகள் எதிரெதிரே நிற்க, நடுவே ஓர் அகழியும் அதன்மேல் கூரையிட்ட பாலமும் அமைந்திருக்கும். இங்கே கொடியின் ஸ்தானத்தில் இருப்பது ரகசிய தஸ்தாவேஜுகள் அடங்கிய ஒரு கைப்பெட்டி. எதிரியின் நிலவறையிலிருந்து அதைக் கவர்ந்து, உயிர் தப்பி ஓடிவந்து, தன் நிலவறையில் சேர்க்க வேண்டும். வழக்கமாக மூன்று முறை இவ்வாறு சேர்த்த அணிக்கே வெற்றி.

இக்கோட்டைகளின் முகப்பில், பாலத்தை நோக்கியவாறு உயர்ந்த மதில் மாடம் ஒன்று உண்டு. ஸ்னைப்பர்கள் குடியேறுமிடம் அதுவே. இந்த மாடத்தில் ஒருவனும் அந்த மாடத்தில் ஒருவனுமாக நின்று, ஒருவரையொருவர் துப்பாக்கியின் தொலைநோக்கியாகிய ஸ்கோப்பின் வழியே பார்த்துச் சுட்டு, வீழ்ந்து, மறுபடி உயிர்த்தெழுந்து அதே மாடத்திற்கே வந்து, மறுபடியும் சுட்டு, கீழே பெட்டி களவு போவதையோ தன் தோழன் ஒருவன் அதைச் சுமந்து தனியே போராடுவதையோ அறியாமலே முழு ஆட்டத்தையும் கழித்துவிடுகிற காட்சியை டூஃபோர்ட்டில் எந்த நாளும் காணலாம். அவ்விருவரும் தீரர்கள்தாம், அவர்களுடைய கைத்தேர்ச்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அத்தேர்ச்சி இருவருடைய அணிகளுக்கும் உதவாமற் போவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

ஸ்னைப்பரின் ஆயுதம் அற்பமானதன்று. ஸ்கோப்பில் கண் வைத்துச் சில விநாடிகள் பொறுத்திருந்தால் குண்டின் வலிமை மும்மடங்காகும். உடலிற் பட்டால் 50 என்றிருந்த சேதம் 150 ஆகிவிடும். பொறுத்திராமற் சுட்டாலும் தலையிற் பட்ட குண்டு 150 சேதம் விளைப்பதால், சாதாரண நிலையில் 150 உயிர்ப்பலமே உடைய, சிகிச்சையாளனாகிய மெடிக் அந்த ஒரு குண்டுக்கே வீழ்வான். அந்த மெடிக்கோ, தன் சக்தியைச் சேமித்து வைத்து ஒரு தோழனை எட்டு விநாடி எதனாலும் சேதப்படாதவனாக ஆக்கவல்லவன். ஆகவே எதிர் மாடத்து ஸ்னைப்பரைப் பத்து முறை வீழ்த்துவதினும், அந்தச் சக்தி பிரயோகமாவதற்கு முன் மெடிக்கை ஒரு முறை வீழ்த்துவது அணிக்குப் பேருபகாரமாகும்.

இனி, பெட்டியைப் பற்றிய விதி ஒன்றைக் கூற வேண்டும்; இதை அறிந்தும் பயன்படுத்தாதவர்களே பெரும்பாலோர். பெட்டியைச் சுமந்து ஓடுகிறவன் மாண்டால் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதற்குரிய அணியார் தொட்டாலும் வீடு திரும்பாது. அறுபது விநாடிகள் எதிரி எவனும் அதைத் தீண்டாதிருந்தால்தான் தானே தன் ஸ்தானத்தை அடையும். அந்த அறுபது விநாடிகள் ஸ்னைப்பருக்கு உரியவை. கோட்டை முற்றத்திலோ பாலத்தருகிலோ பெட்டி கிடக்கும்போது, அது கண்ணுக்குத் தெரியும்படி தூரத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து, நெருங்குகிறவனை எல்லாம் தடுத்து நிறுத்த அவனைப் போல் வேறொருவரால் இயலாது. ஒருவரையும் வீழ்த்தாமல், சுடப்படுவோம் என்ற அச்சத்தினாலேயே எதிரிகளை அவன் தயங்கச் செய்துவிட்டாலும் காரியம் கைகூடும். புள்ளிப் பட்டியலில் அதற்கு ஒன்றும் ஏறாது என்பது வேறு விஷயம். எதிரிகள் பாலத்தின் வழியே மட்டும் வருவதில்லை. கழிவுநீர்க் கால்வாயில் இறங்கி, அகழியில் நீந்தியும் பெட்டியைக் கடத்துவர். மாடத்தில் வேரூன்றியவனுக்கு முற்றத்தில் நடப்பது எங்ஙனம் தெரியும்?

ஸ்னைப்பருக்கு 125 உயிர்ப்பலமே உண்டு, அருகில் வந்த எதிரியிடம் அவன் தோற்பான், ஆதலால் தூரத்தில் நிற்பதே அவனுக்கு விவேகம் என்று சிலர் வாதிப்பர். எதிரியின் நிலவறைக்குள் துப்பாக்கியோடு புகும்படி நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில் நிற்பதும் பாதுகாப்பன்று. அவன் குறி வைக்குமிடத்தில் விழும் ஒளிப்புள்ளி எதிரிகளுக்குத் தெரிகிறது. ஸ்கோப்பில் ஆழ்ந்தவனின் முதுகில், ஒற்றனாகிய ஸ்பை கத்தியைச் செருகினால் உயிர் உடனே போகிறது. இரண்டொரு குண்டுகளுக்குப் பின் இடம் மாறுகிறவனே நெடுநேரம் பிழைக்கிறான்.

இடம் மாறுவதோடு, வேண்டியபோது பாத்திரத்தையே மாற்றிக்கொள்ளும் மனப்பக்குவமும் அவசியம். இவ்வாட்டத்தில் ஒன்பது வகைப் பாத்திரங்கள் உண்டு. உயிர்த்தெழும் அறையில் நிற்கும்போதே ஒன்றை விட்டு மற்றொன்றை ஏற்கலாம். எட்டாத தூரத்தில் நின்று எதிரியின் இன்ஜினியரை வீழ்த்தி, அவன் நிறுவிய, தானே சுடும் சென்ட்ரித் துப்பாக்கியைப் பழுது பார்ப்பாரற்றதாக்கிய பின், பெட்டியைக் கவர ஆளில்லையெனில் ஸ்னைப்பர், விரைந்தோடும் ஸ்கௌட்டாக மாறி ஓட வேண்டியதுதான். அணிக்கு ஆறு பேர் ஆடும் போட்டி ஆட்டங்களில், அவை கொடியாட்டமாக இல்லாவிடினும், தேர்ந்த அணியினர் ஒரு முக்கிய தருணத்திற்கு மாத்திரம் ஸ்னைப்பராகி, காரியம் முடிந்ததும் பழைய பாத்திரத்திற்கே திரும்பிவிடுகிறார்கள்.

எதிர் மாடத்தானோடு சண்டையிடுவதே வீண் என்று நான் சொல்லுவதாக எண்ண வேண்டாம். தோழன் ஒருவன் பெட்டியோடு பாலத்தைக் கடக்கும் அந்தச் சில விநாடிகளில், அவன் முதுகைக் குறி வைக்கும் எதிரி ஸ்னைப்பரை வீழ்த்துவதைவிடச் சிறந்த பணி இந்தக் களத்தில் இல்லை. அந்தத் தருணம் வாய்த்ததை அறிய வேண்டுமானால், பெட்டி எங்கேயிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்தத் துப்பாக்கியை ஏந்தும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பெட்டி இருக்குமிடத்தைத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்கோப்பில் கண்ணை வையுங்கள்.