துடைப்பம் இழிவன்று

ஜுருத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பேர்த்திகள் இன்று ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் தரை துடைக்கிறார்கள். அதைக் கேவலமென்று மூக்கைச் சுளிக்கும் கனவான்களைக் கேட்கிறோம்: குப்பை போட்டவன் மேலோன், அள்ளியவள் கீழோள் என்பது எந்த ஊர் நியாயம்? இழிவு துடைப்பத்தில் இல்லை, ஐயா! அதற்கு விலை பேசும் உரிமை பிறன் கையில் இருப்பதில் இருக்கிறது.

1996-இல் மலேசிய அரசாங்கம் தன் ஆஸ்பத்திரிகளின் துப்புரவையும் சலவையையும் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தக்காரன் மாறினால், ஆண்டுக்கணக்கில் உழைத்த தாயும் புது ஆளாகிவிடும் கொடுமை உண்டு. தலையெண்ணிக் காசு வாங்கிய கங்காணியின் வமிசம் அற்றுப்போயிற்று என்று யார் சொன்னது?

பினாங்கின் ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து வண்ணாந்துறையை நினைத்துப் பாருங்கள். அங்கே நம்மவர் வெளுத்ததும் பிறர் அழுக்கைத்தான். ஆனால் வாடிக்கை அவர்களுடையது; கூலி பேசியவர்களும் அவர்களே.

ஜுருவில் நால்வர் கூடித் துப்புரவுத் தொழில் தொடங்க மலையளவு முதல் வேண்டாம், கணக்கு வேண்டும். ஆட்கூலி, சேமநிதி, சொக்சோ, சவர்க்காரம், வண்டிச் செலவு, இயந்திரத் தேய்மானம், தாமதமாய் வரும் பணத்தின் வட்டி அனைத்தையும் கூட்டி, அதன்மேல் இலாபம் வைத்து விலை சொல்லுங்கள். எதிராளி குறைத்தானென்று நீங்களும் குறைத்தால், அக்குறை அந்தப் பேர்த்தியின் கூலியில்தான் விழும். 2025-இல் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மாதம் 1,700 ரிங்கிட். அதில் கைவைத்து முதலாளியாகிறவன் தமிழனாயினும் கங்காணியே. அப்படிப்பட்டவனுக்காக நாம் இதை எழுதவில்லை.