'இடம்' என்ற சொல்லும் காரின் பின்னிருக்கையும்

"செடானில் என்ன இருக்கிறது, எஸ்.யூ.வி.யில்தான் இடம் அதிகம்" என்னும் கூற்று, திருவனந்தபுரத்தில் கரமனை அக்ரகாரத்திலும் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கிலும் ஒரே உறுதியோடு சொல்லப்படுகிறது. பல ஆண்டுச் சேமிப்பையும் அதன்மேல் ஏழாண்டுக் கடனையும் ஒரு குடும்பம் இந்தக் கூற்றை நம்பியே செலவிடுகிறது. ஆனால் 'இடம்' என்பது இங்கே ஒரு பொருளில் வழங்கவில்லை. முழங்காலுக்கு முன்னுள்ள நீளம், தலைக்கு மேலுள்ள உயரம், மூவர் தோளுக்கு வேண்டிய அகலம், டிக்கியின் கொள்ளளவு ஆகிய நான்கையும் அந்த ஒரு சொல்லே சுமக்கிறது. ஒன்றில் மிகுந்திருப்பதைக் காட்டி நான்கிலும் மிகுந்திருப்பதாக நம்பச் செய்வது எளிது.

ஒப்பிடுவதற்கு மிகப் பொருத்தமான இணை ஸ்கோடாவின் ஸ்லாவியாவும் குஷாக்கும். முன்னது செடான், பின்னது எஸ்.யூ.வி. இரண்டும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் இரண்டிலும் 2,651 மில்லிமீட்டர். டிக்கியோ ஸ்லாவியாவில் 521 லிட்டர், குஷாக்கில் 385 லிட்டர். எஸ்.யூ.வி. கூடுதலாகத் தருவது உயரம் மட்டுமே. அதுவும் பத்து சென்டிமீட்டரை ஒட்டிய அளவு.

அந்த உயரத்தை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடவும் இயலாது. வாகன வடிவமைப்பாளர்கள் இருக்கையை அளப்பது மெத்தையிலிருந்து அன்று. அமர்ந்தவரின் இடுப்பு மூட்டு எங்கே நிற்கிறது என்னும் புள்ளியிலிருந்து. குதிகால் பதியும் தரைக்கு மேல் அந்தப் புள்ளி உயர உயர, உட்கார்ந்திருப்பவர் நாற்காலியில் இருப்பது போல நிமிர்கிறார். கால்கள் முன்னோக்கி நீளாமல் கீழ்நோக்கி இறங்குகின்றன. ஆகவே அதே நீளத்துக்குள் முழங்காலுக்கு முன் வெளி மிஞ்சுகிறது. செடானில் இடுப்பு தாழ்ந்திருப்பதால் கால் நீள்கிறது, முதுகு சாய்கிறது. மூட்டுவலி உள்ள ஒருவர் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதற்குப் படும் பாட்டை வீட்டில் முதியோர் உள்ள எவரும் அறிவர்.

இங்கே சொல்வரலாறு ஒரு வேடிக்கையைக் காட்டுகிறது. 'செடான்' என்பது ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் ஆள்வைத்துச் சுமக்கச் செய்த மூடிய நாற்காலியின் பெயர். அதில் செல்பவர் நிமிர்ந்து அமர்வார். திருவிதாங்கூரில் வழங்கிய மஞ்சலிலோ பயணி சாய்ந்தோ படுத்தோ செல்வார். இன்றைய செடான் இருக்கும் நிலையால் மஞ்சலுக்கு உறவு. பழைய செடான் நாற்காலிக்கு உறவாக நிற்பது எஸ்.யூ.வி.தான். பெயர் ஒருபுறம் இருக்க, அமரும் முறை மறுபுறம் போய்விட்டது.

அம்பாசிடரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதன்று. 2014இல் உற்பத்தி நின்ற அந்த வண்டியும் செடானே. அதன் அச்சிடை நீளம் ஸ்லாவியாவைவிட ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் குறைவு. ஆயினும் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஒரு குடும்பம் முழுவதையும் பெட்டி படுக்கையோடு ஏற்றிச் சென்ற வாகனமாக அது நினைக்கப்படுகிறது. காரணம் அதன் கூரையின் உயரமும் நாற்காலி போன்ற இருக்கையும், ஒரே பலகையாக நீண்ட முன்னிருக்கையும். தரையிலிருந்து அதன் கூரை சுமார் 160 சென்டிமீட்டர். குஷாக்கின் உயரமும் ஏறத்தாழ அதுவே. செடான் என்னும் வகை இயல்பிலேயே நெருக்கடியானது என்ற வாதம் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே தளர்ந்துவிடுகிறது.

செடானைக் குறுக்கியதில் வரிச்சட்டத்துக்கும் பங்குண்டு. 2006இல் நான்கு மீட்டருக்குட்பட்ட சிறு கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் அது 3,995க்கு வெட்டப்பட்டது. அச்சிடை நீளமோ குறையவில்லை, சற்றே கூடியது. டிக்கி 440 லிட்டரிலிருந்து 316க்கு இறங்கியது. மக்களின் உடலளவோ சாலையோ கேட்டு நிகழ்ந்த மாற்றமன்று இது. எஸ்.யூ.வி.யைச் சட்டம் வரையறுத்த விதம் இன்னும் சுவையானது. 2022 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம், 1,500 சி.சி.யைத் தாண்டிய எந்திரம், 4,000 மில்லிமீட்டரைத் தாண்டிய நீளம், 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி ஆகியவற்றோடு 'எஸ்.யூ.வி. என்று மக்களிடையே வழங்குவது' என்பதையும் ஒரு நிபந்தனையாக்கியது. மக்கள் வழக்கே சட்டத்தின் அளவுகோலானது! அடுத்த ஆண்டு ஜூலையில் 'எப்பெயரால் அழைக்கப்படினும்' என்று அது திருத்தப்பட்டது. இவ்விரு வரையறைகளிலும் உள்ளே அமர்பவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உள்ளே அமர்பவர் யார் என்பதுதான் உண்மையான வினா. விளம்பரங்களில் பின்னிருக்கையைச் சோதிப்பவர் பெரும்பாலும் நெடிய ஆண். இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அவருக்கு முழங்காலுக்கு முன்னுள்ள வெளி குறையாவதில்லை. மெத்தையின் நீளமும் உயரமுமே சிக்கல். மெத்தை நீண்டிருந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. உயர்ந்திருந்தால் பாதம் தரையில் பதியாது தொங்கும். நாகர்கோவிலில் ஒரு திருமணத்துக்கு நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம் வழியாகப் போய்த் திரும்பும் வரை தொடையின் அடிப்பகுதி அழுந்திக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஐவர் சென்றால் நடுவில் அமர்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆங்கே மெத்தை மேடிட்டிருக்கும், காலுக்குக் கீழே தரையும் மேடிட்டிருக்கும். அந்த நடுவிடத்தின் அகலத்தில் செடானுக்கும் அதே அடித்தளத்து எஸ்.யூ.வி.க்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

மூன்றாம் வரிசை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: நடுத்தர விலை எஸ்.யூ.வி.களில் அது இருக்கையின் பெயரைத் தாங்கிய பலகை. பின் அச்சின் மேல் தரை உயர்ந்துவிடுவதால் முழங்கால் மார்பை நோக்கி எழுகிறது. அதை விரித்துவிட்டால் பெட்டி வைக்க இடமிராது. அதற்குப் பாட்டியை அனுப்புவது கொடுமை. இன்னோவா போன்ற, பயணியரையே முதலில் எண்ணிக் கட்டிய வண்டியின் கதை வேறு.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வளைவில் வண்டி சரியும்போது, உயரத்தில் இருக்கும் தலை அதிகம் வீசப்படுகிறது. பொன்முடியின் 22 கொண்டையூசி வளைவுகளில் குழந்தைகளுக்குக் குமட்டல் வருவதற்கு எலுமிச்சம்பழத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. தம்பானூரில் மழைநீர் தேங்கும் நாட்களுக்காகத் தரை இடைவெளி வேண்டும் என்பது நியாயமான காரணம். ஆனால் அதை 'இடம்' என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

நால்வர் கொண்ட, சுமையோடு நெடுந்தூரம் செல்லும் குடும்பத்துக்கு இன்றும் செடானே மேல். மூட்டு தளர்ந்த பெற்றோரை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லும் வீட்டுக்கு, வாசற்படி மிக உயராத சிறு எஸ்.யூ.வி. தகும். ஓட்டிப் பார்க்கும் நாளில் ஓட்டுநர் மட்டும் போகாமல், நடு இருக்கைக்கு உரியவரையும் சேலையோடும் செருப்போடும் உடன் அழைத்து, அரை மணி நேரம் அங்கேயே அமரச் செய்யலாம். அதற்குள் அவருடைய பாதம் தரையைத் தொட்டதா என்பது தெரிந்துவிடும்.