வானத்து நேரம் சொன்ன கைகள்



விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு நேரத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் வீட்டுக் கடிகாரம் சூரியனை ஒட்டிய ஒரே ஒரு நேரத்தைத்தான் காட்டும். சூரியனின் நேரம், நட்சத்திரங்களின் நேரம் என்று இரண்டையும் ஒருங்கே காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு. ‘விண்வெளிப் பயணி’ என்பது அதன் பெயர். அதைத் தம் கைகளால் செய்து முடித்தவர் ஒரு தனி மனிதர். அவருடைய கதையைத்தான் இம்முறை சொல்லப் போகிறோம்.

அவர் பெயர் ஜார்ஜ் டேனியல்ஸ். 1926இல் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். ஐந்து வயதில் ஒரு பழைய கடிகாரத்தைத் திறந்து பார்த்தவருக்கு அதன் சக்கரங்கள் மீது தீராத ஆசை பிறந்தது. ஆனால் ஆசைக்கு ஏற்ற வசதி இல்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு மெத்தைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பிறகு இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே உடன் இருந்தவர்களின் கடிகாரங்களைப் பழுது பார்த்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் பகலில் கடிகாரம் பழுது பார்க்கும் வேலை, இரவில் வகுப்பு என்று தொழிலைக் கற்றுக்கொண்டார்.

1969ஆம் ஆண்டு ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்தின் காலம் முடிந்தது என்று பலரும் பேசத் தொடங்கினார்கள். டேனியல்ஸ் தம் முதல் கடிகாரத்தைச் செய்து முடித்ததும் அந்த ஆண்டில்தான்! ஊரே கைவிடப் போகும் தொழிலை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கடிகாரத் தொழிலில் முப்பதுக்கும் மேற்பட்ட கைவேலைகள் உண்டு. பல் சக்கரம் வெட்டுவோர், முள் செய்வோர், முகப்பில் கோடு பொறிப்போர், கூடு செய்வோர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள் இருந்தார்கள். அந்த வேலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் டேனியல்ஸ் தாமே கற்றுத் தேர்ந்தார். ஐல் ஆஃப் மேன் தீவில் குடியேறி, அங்கே இருந்த பட்டறையில் ஒரு கடிகாரத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்று உழைத்தார்.

சந்திரப் பயணத்தைப் போற்றும் வகையில் 1982இல் அவர் செய்ததே ‘விண்வெளிப் பயணி’. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் தங்கக் கடிகாரம் அது.

நட்சத்திர நேரம் என்றால் என்ன? பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. இது நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நாள். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் சற்று நகர்ந்து விடுகிறது. ஆகவே சூரியன் மீண்டும் உச்சிக்கு வர, பூமி இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. இப்படித்தான் நம்முடைய 24 மணி நேரம் வருகிறது. வித்தியாசம் நான்கு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

ஒரே கூட்டுக்குள் இவ்விரண்டு நேரத்துக்கும் இரண்டு சுருள்வில், இரண்டு சக்கர வரிசை வைத்தார் டேனியல்ஸ். நடுவே அசைந்தாடும் ஒரே சக்கரம் இரண்டு வரிசைகளையும் கட்டுப்படுத்துகிறது. அந்த இடத்தில் எண்ணெயும் தேவையில்லாதபடி அமைத்தார். சாதாரணக் கடிகாரத்தில் நாளடைவில் எண்ணெய் தடித்துப் போகும், நேரம் தவறும். பல காலமாகத் தொழிலாளிகளை வருத்திய சிக்கல் அது. செவ்வாய்க் கிரகத்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இது உதவும் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வாராம்.

முதல் கடிகாரத்தை விற்ற பிறகு அவருக்கு மனம் ஆறவில்லை. உடனே இன்னொன்று செய்தார். அதைச் சாகும் வரை தம்மிடமே வைத்துக்கொண்டார்.

டேனியல்ஸ் எழுதிய புத்தகத்தைப் படித்தே ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் ஒரு கடிகாரம் செய்து, அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டேனியல்ஸ் பாராட்டவில்லை. கையால் செய்த தடம் தெரிகிறது, அப்படித் தெரியக்கூடாது, திரும்பவும் தொடங்கு என்று அனுப்பி விட்டார். வேறு ஒருவராக இருந்தால் அரத்தை வீசி எறிந்திருப்பார். ஸ்மித் ஐந்தாண்டுகளுக்கும் மேல் உழைத்தார். கை தேறத் தேற, முன்பு செய்த பாகங்களையே மறுபடி செய்தார். இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் டேனியல்ஸ் அவரைக் கடிகாரத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டார். பின்னர் தம்முடனே வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்.

2011இல் டேனியல்ஸ் காலமானார். 2019இல் முதல் ‘விண்வெளிப் பயணி’ முப்பத்தாறு லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. பணக்காரர் பொருளால் நமக்கு என்ன என்று கேட்கலாம். அவர் தம்மிடம் வைத்திருந்த கடிகாரங்கள் 2012இல் ஏலம் போய், அந்தப் பணம் அவர் பெயரில் அமைந்த கல்வி அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. கடிகாரத் தொழில், பொறியியல், மருத்துவம், கட்டுமானம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது உதவுகிறது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டவரின் கை, இன்று பிறர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது!

பால்வெட்டும் கத்தி சற்று ஆழமாய் இறங்கினால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. அந்த அளவு நம் பெற்றோரின் கைக்குத் தெரியும். அதை ‘வெறும் கூலி வேலை’ என்று நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டால், இந்தக் கடிகாரத்தின் கதையை எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை எதையாவது செய்து கொண்டுவந்து காட்டி, அது சரியாக இல்லை என்றால் திட்டவும் வேண்டாம், பொய்யாகப் புகழவும் வேண்டாம். ‘இன்னொரு முறை செய், கண்ணு’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.