தொப்பைக்கு எதுக்கு சார் ரத்தப் பரிசோதனை?

'கொழுப்பா உனக்கு?' என்று திட்டுகிறோமே, அந்தக் கொழுப்பு தேமேயென்று கிடக்கிற சரக்கு இல்லை. ஹார்மோன் தயாரிக்கிற தொழிற்சாலை. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின் அங்கே சுரப்பதுதான். அடுத்து வந்தது அடிபோனெக்டின். இது நல்ல பிள்ளை, ரத்தக் குழாய்க்குக் காவல். தொப்பை பெருக்கப் பெருக்க லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும்.

'அப்போ அதையும் டெஸ்ட் பண்ணிடலாமா?' என்று கிளம்பிவிடாதீர்கள். இதயம் பலவீனமான முதியவர்களுக்கு இதே நல்ல பிள்ளை அதிகமிருந்தாலும் ஆபத்து என்று பிந்தைய ஆய்வுகள் குட்டையைக் குழப்பிவிட்டன. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் என்ன சொல்வார்? 'வெயிட்டைக் குறைங்க!' இதைச் சொல்ல ரத்தம் எதற்கு?

'நான் ஒல்லிதானே' என்கிறீர்களா? 2004-ல் 'லான்செட்' இதழில் இரண்டு டாக்டர்கள் தங்களையே உதாரணம் காட்டினார்கள். புனே யாக்னிக், லண்டன் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு? யட்கினுக்கு 9.1 சதவிகிதம். நம்மவருக்கு 21.2!

ஆகவே, இன்ச் டேப்பை எடுங்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிற இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில். மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றக் கூடாது! ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் உஷார். பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் பாருங்கள். நடங்கள். சிகரெட்டை விடுங்கள்.

டேப்பில் யாருக்கும் கமிஷன் இல்லை. அதனால்தான் எந்தப் பேக்கேஜிலும் அதற்கு விளம்பரம் இல்லை.