பேஸ் கம்பின்னா பளபளன்னு கேக்கணும்னு எவன் சொன்னான்?

"லப்பைக்குடிக்காட்டுல பேஸ் கிட்டாரா?"ன்னு சிரிக்கிறவங்க ஒரு தடவை சிரிச்சு முடிச்சிருங்க. ஆச்சா? சரி.

வெள்ளாத்துக்கு இந்தக் கரையில என் வீடு. பாலத்தைத் தாண்டினா திட்டக்குடி, அங்கதான் எங்க மெல்லிசைக் குழு. பகல்ல கடைக் கணக்கு எழுதுறவன், திருவிழா சீசன்ல ராத்திரி மேடையில நாலு கம்பியோட மல்லுக்கட்டுறவன். பதினெட்டு வருசமா இதே பொழப்பு. அந்த ஒரு தகுதியில என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறேன்.

போன மாசம் பக்கத்துக் குழுவுல பேஸ் வாசிக்கிற தம்பி ஒருத்தன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தான்.

"அண்ணே, என்னைய நிப்பாட்டிட்டாங்க. பேஸை கீபோர்டு அண்ணனே இடது கையில பாத்துக்கிறாராம்."

"ஏன்டா?"

"சவுண்டு குத்துதாம்ணே. கம்பி கீச்சுக் கீச்சுங்குதுன்னு மைக்செட் அண்ணன் சொன்னாரு. புதுசு மாத்துனா குத்துது, பழசானா செத்துப்போகுது. நான் என்ன பண்றது?"

அவன் கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். நினைச்ச மாதிரியே ரவுண்ட்வவுண்டு கம்பி. கடைக்காரர் கொடுத்தது, யூட்யூப்ல எல்லாரும் மாட்டுறது. வேற ஒரு கம்பி இருக்குன்னே அந்தப் பையனுக்கு யாரும் சொல்லல. தப்பு அவன் விரல்ல இல்லீங்க, கம்பியில.

தெரியாதவங்களுக்கு ஒரு விளக்கம். பேஸ் கம்பிக்கு நடுவுல ஒரு எஃகு நரம்பு, அதுமேல இன்னொரு கம்பியைச் சுத்தியிருப்பாங்க. சுத்துற கம்பி உருண்டையா இருந்தா ரவுண்ட்வவுண்டு. நகத்தால தடவினா மரமறுக்கிற ரம்பம் மாதிரி கரகரங்கும். தட்டையான நாடாவா இருந்தா ஃப்ளாட்வவுண்டு. தடவினா வழவழன்னு போகும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த 'அவ்வளவுதான்'லதான் எல்லாமே இருக்கு.

ரவுண்டு கம்பியோட பள்ளத்துல வேர்வையும் அழுக்கும் போய் உக்காந்துக்கும். நம்மூரு சித்திரை வெயில்ல, பந்தல்ல, ஃபோகஸ் லைட்டுக்குக் கீழ நாலு மணி நேரம் வாசிச்சுப் பாருங்க. நாலஞ்சு கச்சேரியில அந்தப் பளபளப்பு காலி. சில பேர் கழட்டி வெந்நீர்ல கொதிக்க வைப்பாங்க. நானும் ஒரு காலத்துல குக்கர்ல போட்டு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். அது ரெண்டு நாளைக்குத் தாங்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். ஃப்ளாட்ல இந்தத் தலைவலி ரொம்பக் கம்மி. முதல் வாரம் கொஞ்சம் மினுக்கும், அப்புறம் அடங்கி ஒரு சத்தத்துல நிக்கும் பாருங்க, வருசக்கணக்குல அப்படியே நிக்கும்.

"அதெல்லாம் பழைய காலத்துக் கம்பி பாஸ்"னு ஒரு கூட்டம் வரும். ஆமா, பழசுதான். 1951-ல ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தப்ப இருந்தது ஃப்ளாட்தான். 1960-கள்ல இங்கிலாந்துல ரோட்டோசவுண்டு கம்பெனிக்காரங்க 'தி ஹூ' குழுவோட ஜான் என்ட்விசிலுக்காக ரவுண்டு கம்பியைச் செஞ்சு கொடுத்த பிறகுதான் காத்து மாறுச்சு. ஆனா அதே காலத்துல அமெரிக்காவுல மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜாமர்சன்னு ஒரு மனுசன் வாசிச்சிக்கிட்டிருந்தார். 1962 மாடல் பிரிசிஷன், லா பெல்லா ஃப்ளாட் கம்பி, வலது கையில ஒத்த விரல். கம்பி அறுந்தாலொழிய மாத்தவே மாட்டாராம். 1983-ல இறந்துட்டார். இன்னைக்கும் உலகம் பூரா பேஸ் கத்துக்கிறவன் அவர் வாசிச்சதைத்தான் ஒவ்வொரு சுரமா எழுதி வச்சுப் படிக்கிறான்.

ஃப்ளாட்னா மெதுவான பாட்டுக்குத்தான்னு சொல்றவங்க அயர்ன் மெய்டன் ஸ்டீவ் ஹாரிஸைக் கேளுங்க. குதிரை ஓடுற மாதிரி வாசிக்கிற அந்த ஹெவி மெட்டல்காரர் மாட்டுறது ஃப்ளாட். அவர் பேர்லயே ஒரு செட்டு விக்குது.

சரி, வெளிநாட்டுக் கதை போதும். நம்ம மேடைக்கு வருவோம்.

நம்ம மேடையில வாசிக்கிறது என்ன? பாதிக்கு மேல 80-கள் பாட்டு. 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) காலத்து ராஜா பாட்டுகளை ஹெட்போன்ல போட்டு பேஸை மட்டும் கவனிங்க. அது தாளத்துக்குத் துணை போறது இல்ல, கீழ இருந்து தனியா இன்னொரு பாட்டே பாடும். பாடகர் ஒரு பக்கம் போனா அது எதிர்ப்பக்கம் போய் வழியில கை குலுக்கும். அந்தச் சத்தம் எப்படி இருக்கு? உருண்டையா, கனமா, முனை மழுங்கி இருக்கு. 'டங்'னு இல்ல, 'தும்'னு இருக்கு. அதுக்கு மேல கடகடங்கிற கம்பியைப் போட்டா, பேட், தபலா, கீபோர்டு எல்லாம் நிக்கிற இடத்துலயே நம்மளும் போய் முட்டுறோம். மைக்செட் அண்ணன் என்ன பண்ணுவார்? நம்ம ட்ரெபிளைத் திருகி மூடுவார். ஏங்க, கடைசியில மூடத்தான் போறோம்னா எதுக்குங்க அந்தப் பளபளப்பைக் காசு கொடுத்து வாங்குறது?

இன்னொன்னு. கீபோர்டு இடது கையால என்ன வேணா அடிக்கலாம். ஒரு சுரத்துல இருந்து இன்னொன்னுக்கு விரல் தேயத் தேய வழுக்கிக்கிட்டுப் போற அந்தச் சங்கதி மட்டும் கட்டையில லேசுல வராது. அதுதான் பேஸ்காரனோட சோறு. வயலின் வித்வானோட கம்பியை நெருங்கிப் பாருங்க, சுத்தின கம்பியெல்லாம் நாடா சுத்தினதுதான், வழவழன்னு இருக்கும். கமகம் பேசுற ஊர்ல கம்பி கீச்சிட்டா எப்படி? அந்த நியாயம் நம்ம பேஸுக்கு மட்டும் கிடையாதா?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, ஒத்துக்கிறேன். கட்டை விரலால அடிச்சு இழுக்கிற ஸ்லாப் வாசிப்புக்கு ரவுண்டுதான் சரி. கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், சின்னப் பொட்டியில அது முழுசா வராது, மேல் சத்தம் இருந்தாத்தான் காதுக்கு எட்டும். அதுவும் உண்மை. ஆனா அதுக்கு ஆம்ப்ல நடு ஒலியைக் கொஞ்சம் ஏத்தினாப் போதும். விலை? நான் வாங்கினப்ப ரெண்டு செட் ரவுண்டு காசுக்கு ஒரு செட் ஃப்ளாட். துபாய்ல இருக்கிற மச்சான் லீவுல வர்றப்ப வாங்கிட்டு வந்தார். ஆறு வருசம் ஆச்சு, இன்னும் மாத்தல. கணக்கு எழுதுறவன் சொல்றேன், லாபம் எதுன்னு நீங்களே கூட்டிப் பாருங்க.

வாங்கப் போறவங்களுக்கு நாலு வார்த்தை. முதல்ல 34 அங்குல நீளத்துக்கான செட்டான்னு பாருங்க. டடாரியோ குரோம்ஸ்ல 45-100 செட் ஆரம்பிக்கிறவங்களுக்குச் சரியா இருக்கும். விரலுக்கு இறுக்கம் ஆகாதுன்னா வியன்னாவுல செய்யுற தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ், விலை கொஞ்சம் கடி, ஆனா தளர்வா இருக்கும். பல ஃப்ளாட் செட்டுகள்ல இழுவிசை அதிகம். கழுத்து வளைஞ்சா உள்கம்பியைக் கால் சுத்து கால் சுத்தா திருத்துங்க, அவசரப்படாதீங்க. முக்கியமா, நுனியை நறுக்குறதுக்கு முன்னாடி நல்லா மடக்கிக்கிங்க. நேரா இருக்கிறப்பவே நறுக்கினா நாடா பிரிஞ்சு முழுக் கம்பியும் குப்பைதான்.

அந்தத் தம்பி கதைக்கு வர்றேன். நான் எடுத்து வச்சிருந்த பழைய ஃப்ளாட் செட்டை அவன் கிட்டார்ல மாட்டி, நடு ஒலியை ஏத்திக் கொடுத்தேன். ஒரு பாட்டு வாசிச்சான். பாதியில நிறுத்திட்டு, "அண்ணே, இது கேசட்ல கேட்ட சத்தம்ணே"ன்னான். கேசட்டே பாக்காத வயசு அவனுக்கு, அவங்க அத்தா வச்சிருந்ததாம்.

அந்தக் குழுவுல அவனைத் திரும்பக் கூப்பிட்டாங்களான்னா, இல்ல. இடது கைக்குச் சம்பளம் கிடையாதே, எப்படிக் கூப்பிடுவாங்க? எனக்குக் கடைக் கணக்கு முடியாத ரெண்டு ராத்திரி எங்க குழுவுல அவன்தான் வாசிச்சான். மைக்செட் அண்ணன் ஒரு குமிழையும் தொடலையாம்.

கம்பி விக்கிற அண்ணன்மாரே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பையன் வந்து நின்னா, என்ன பாட்டு வாசிக்கிறேன்னு முதல்ல கேளுங்க. அப்புறம் கம்பியைக் கொடுங்க.