நோவில்லாத நோயும் லண்டன் கடிதமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூரைப் பற்றி நம் நேயர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரே பெயர்ந்தது. கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஏறக்குறையப் பத்தாண்டு காலத்தைக் கழித்த பின்னர், 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே பெரும்பாலானோர் மீண்டும் தம் சொந்த மண்ணை மிதித்தனர். மிதித்த பின்னரும் நிம்மதியில்லை. அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் ஒன்று எழுவதாக இருந்தது. புகையும் சாம்பலும் தம் பிள்ளைகளின் மூச்சையும் குடாக்கடலின் மீனையும் கெடுக்கும் என்று ஊரார் வீதிக்கு இறங்கினர். அந்த நிலையம் கட்டப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்தில் அரசாங்கத் தரப்பு அறிவித்தது. இப்போது அவ்வூருக்கு வருவது சூரிய ஒளி மின்னிலையம். 2025 ஏப்ரலில் அதன் வேலை தொடக்கி வைக்கப்பட்டது.

வானளாவிய புகைபோக்கியைத் தடுத்த அவ்வூரில், சென்ற மாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, மிகச் சிறிய புகைபோக்கியொன்றைப் பற்றிய பேச்சு எழுந்தது. வீட்டுக்காரப் பெரியவரின் தம்பியார் லண்டனில் வசிக்கிறார், வயது அறுபத்தொன்று. முப்பது வருடகாலம் சிகரெட்டுப் பிடித்து, பேரன் பிறந்த அன்று விட்டவர். அவருக்குக் குடும்ப வைத்தியரிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாம். சுவாசப்பையைச் சோதித்துப் பார்க்க வரும்படி அழைப்பு. “எனக்கு ஒரு குறையுமில்லை, பின்னை ஏன் போவான்?” என்று தொலைபேசியில் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாராம். பெரியவரும் அதை ஆமோதித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்பது அவர் அபிப்பிராயம்.

நம்மால் சும்மா இருக்க முடியவில்லை. இவ்வாரம் இப்பகுதியில் அக்கடிதத்தைப் பற்றியே எழுதத் துணிந்தோம். ஏனெனில் அது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த கடிதமன்று. இங்கிலாந்தில் 55 வயது தொடக்கம் 74 வயது வரையுள்ள, புகைப்பிடிக்கும் அல்லது முன்னர் பிடித்தவர்களுக்கு இவ்வழைப்புச் செல்கிறது. 2019இல் சில பகுதிகளில் தொடங்கிய இத்திட்டத்தை நாடு முழுவதற்கும் விரிப்பதாக 2023இல் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இத்தகைய திட்டம் உண்டு. நம்மவர் செறிந்து வாழும் இடங்கள் இவ்விரண்டும் என்பதை நாம் கூறாமலே நேயர்கள் அறிவர்.

அங்கே என்ன நடக்கிறது? முதலில் தாதியொருவர் சில கேள்விகள் கேட்பார்: எத்தனை வருடம் பிடித்தீர், நாளொன்றுக்கு எத்தனை, குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்ததா என்பன போன்றவை. ஆபத்து மிகுதி என்று தோன்றுவோரை மட்டுமே படமெடுக்க அனுப்புவர். பல இடங்களில் அந்த யந்திரத்தைப் பாரவண்டியொன்றில் ஏற்றிக் கடைத்தெருவின் வாகனத் தரிப்பிடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மரக்கறி வாங்கப் போகிறவர் அப்படியே ஏறிப் படுத்துவிட்டு வரலாம். ஊசியில்லை, மயக்கமில்லை. சில நிமிட நேரம் படுத்திருந்து, சொல்லும்போது மூச்சை அடக்க வேண்டும், அவ்வளவே.

தம்பியாரின் “ஒரு குறையுமில்லை” என்ற வாதத்துக்கு வருவோம். மனித உடம்பில் கால்விரலில் முள் தைத்தாலும் உச்சிவரை அறிவிக்கும் நரம்புகள் இருக்க, சுவாசப்பையின் உட்சதையில் நோவை உணரும் நரம்பு இல்லை. அங்கே ஒரு கட்டி பட்டாணிக் கடலையளவில் இருந்தாலும், அதற்கு மேல் வளர்ந்தாலும், வெளிச்சவ்வையோ மூச்சுக்குழாயையோ தொடும்வரை அது வாய் திறவாது. இருமல், இரத்தம், மெலிவு என்று அது பேசத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே, இந்நோயைப் பொறுத்தமட்டில் ‘நன்றாயிருக்கிறேன்’ என்பது போகாதிருக்கக் காரணமன்று. நன்றாயிருப்பவரைத் தேடியே அக்கடிதம் வருகிறது.

நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அதையே சோதித்துப் பார்த்தார்கள். நெடுங்காலம் புகைத்த 53,000க்கும் மேற்பட்டோரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு எக்ஸ்ரேயும் மறு சாராருக்குக் குறைந்த கதிர்வீச்சுடைய சீ.ரி. ஸ்கானும் ஆண்டுக்கொருமுறையாக மும்முறை எடுத்தனர். 2011இல் முடிவு வெளியாயிற்று. ஸ்கான் எடுத்தவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 20 சதவீதம் குறைவு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த இன்னோர் ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. ஆண்களிடையே பத்தாண்டுகளில் 24 சதவீதம் குறைவு என்று அது காட்டியது.

இதன் மறுபக்கத்தை மறைத்தால் நேயர்களுக்கு நாம் துரோகம் செய்தவராவோம். அந்தப் படம் கண்டுபிடிக்கும் சிறு புள்ளிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. எப்போதோ வந்து மாறிய காசநோயின் தழும்பும் அதில் புள்ளியாகவே தெரியும். நம் நாட்டிலிருந்து போனவர்களுக்கு அது இருப்பதில் வியப்பில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று சொன்னவுடன் ‘முடிந்தது கதை’ என்று வீடே ஒப்பாரி வைக்கத் தேவையில்லை. கதிர்வீச்சும் சிறிதளவு உண்டு. ஆகவேதான் வயதையும் புகைத்த காலத்தையும் பார்த்து அழைக்கிறார்கள். இருபது வயது மாணவர் எவரும் இதைப் படித்துவிட்டு ஸ்கான் எடுக்க ஓட வேண்டாம்.

நம்மவர் போகாமைக்கு வேறொரு காரணமும் உண்டென்பது நம் எண்ணம். அறுபது வயதிலும் மூத்தவரைக் கண்டால் சுருட்டை முதுகுக்குப் பின்னே மறைக்கும் மரபில் வந்தவர்கள் நாம். முன்பின் தெரியாத தாதிக்கு முன்னால், அதுவும் பக்கத்தில் மனைவியோ மகளோ இருக்கையில், ‘நாளுக்கு இருபது’ என்று எப்படிச் சொல்வது? “இடைக்கிடை பிடித்தேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொய்யின் பலன், ஆபத்துக் கணக்குக் குறைந்து படம் எடுக்காமலே திருப்பி அனுப்பப்படுவது. மானம் பெரிதுதான். எனினும் அந்த ஒரு கேள்விக்கு மாத்திரம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆங்கிலம் தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அது அங்கே அவர்களது உரிமை.

‘தெரிந்து என்ன செய்வது, எல்லாம் தலையெழுத்து’ என்போருக்கு ஒரு சங்கதி. புகைப்பழக்கத்தையும் சுவாசப்பைப் புற்றுநோயையும் பிணைத்துக் காட்டிய ஆய்வை 1950இல் வெளியிட்ட பிரித்தானியர் இருவரில் ஒருவர் ரிச்சர்ட் டோல். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் தம் சிகரெட்டை விட்டுவிட்டார். அவரும் சகாக்களும் பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் எழுதியது என்னவெனில், ஐம்பது வயதில் விட்டவர் சராசரி ஆறு வருட ஆயுளையும், அறுபதில் விட்டவர்கூட மூன்று வருட ஆயுளையும் மீட்டுக்கொள்கிறார் என்பதே.

சரி, லண்டனில் தம்பி இல்லாத சம்பூர்வாசி என்ன செய்வது? நம் நாட்டில் இத்தகைய நாடளாவிய சுவாசப்பை அழைப்புத் திட்டம் இல்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் விடாத இருமல், சளியில் இரத்தம் என்பன தோன்றினால் கைமருந்தோடு காலங்கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போவது முதற்கடமை. ஆனால் இலங்கை ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது சுவாசப்பையினுடையதன்று, வாயினுடையது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றின் கைங்கரியம் அது. அதைக் காண யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் முன்போல் விரியாமை. இவற்றை வெளிச்சமும் பயின்ற கண்ணும் கண்டுகொள்ளும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்தே, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரின் வாய்ப் புற்றுநோய் மரணத்தைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினார்கள். நம் அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் வாயைக் காட்டக் காசும் தேவையில்லை.

இவற்றையெல்லாம் திண்ணையில் நாம் சொல்லி முடித்தபோது பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் பேத்தியை அழைத்து லண்டனுக்குத் தொலைபேசி போடச் சொன்னார். கடிதம் குப்பைக்குப் போய்விடவில்லையாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மருமகள் ஒட்டி வைத்திருக்கிறாளாம். அண்ணன் போகச் சொன்னார். தம்பி ஒரு நிபந்தனை போட்டார்: அண்ணன் முதலில் மூதூருக்குப் போய் வாயைக் காட்ட வேண்டும். வரும் புதன்கிழமை என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள்.